சாயாத முதுகு

என் மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுடைய முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு எப்போதும் இடைவெளி இருக்கும். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். திண்டிவனம் சாலையின் பள்ளங்களில் வண்டி குலுங்கும்போது மற்றவர்கள் இருக்கையோடு சேர்ந்து ஆடுவார்கள். அவள் மட்டும் தனியாக, தன் கணக்கில் ஆடுவாள். மணமான புதிதில் இதை நான் கர்வம் என்று எடுத்துக்கொண்டேன். என் தாயாரும் அப்படியே எடுத்துக்கொண்டார். "இன்னாடா, உன் பொண்டாட்டி இன்னும் விருந்தாளி மாதிரியே குந்திக்கினு இருக்கறா?" என்று ஒரு நாள் கேட்டார். அவள் காதில் விழும்படிதான் கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். "இன்ஸ்டிடியூட்ல அப்படிப் பழக்கிட்டாங்க அத்தே. முதுகு சாஞ்சா விரல் தப்பிடும்."

பனமலையிலிருந்து தினமும் பேருந்தேறி வந்து, செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மாடியறையில் தட்டச்சு பயின்றவள் அவள். அந்த அறையின் ஆசிரியர், மாணவிகளின் முதுகு நாற்காலியைத் தொட்டால் பென்சிலால் தட்டுவாராம். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். இயந்திரம் போய்க் கணினி வந்தபோதும் உட்கார்ந்த விதம் மாறவில்லை. ஊரில் அவளுக்கு டைப்பிஸ்ட் அம்மா என்றே பெயர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் அதை இங்கே எழுதவில்லை. மற்றவர்களின் பெயர்களை அடித்தே ஆயுளைக் கழித்துவிட்டோம் என்று கடைசி ஆண்டுகளில் அவளுக்கு ஒரு குறை இருந்தது. அந்தக் குறையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தட்டச்சில் தேர்ந்தவர்கள் விசைகளைப் பார்ப்பதில்லை. பார்வை இடப்பக்கம் வைத்திருக்கும் கையெழுத்துப் பிரதியின் மீதே இருக்கும். விசைகளைப் பார்த்தாலும் பிழை, நிமிர்ந்து எதிரே பார்த்தாலும் பிழை. பட்டா மாற்றத்துக்கும் வருமானச் சான்றுக்கும் வந்தவர்கள் அவளுடைய மேசைக்கு எதிரே மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். அவள் தலை நிமிரவில்லை. வேலை சுத்தமாக நடந்தது; அலுவலகத்தில் நல்ல பெயரும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் காலையில் பேருந்து நிலையத்தில் நாங்கள் நின்றிருந்தோம். தோளில் மல்லாட்டைப் பையோடு (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்) ஒருவர் எதிரே வந்து நின்று கும்பிட்டார்.

"இன்னாம்மா, நல்லா இருக்கறீங்களா?"

அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். "நீங்க..."

"இன்னாம்மா இது, அடையாளம் தெரியலயா? பட்டாவுக்கு எத்தினி வாட்டி வந்து ஒங்க எதிர்ல நின்னிருப்பேன்! கோவிந்தன். வல்லம்."

"கோவிந்தன்," என்றாள் அவள் உடனே. "அப்பா பேரு முனுசாமி. வல்லத்துல ரெண்டு கோவிந்தன் இருந்தீங்க. நீங்க கீளத்தெருவா?"

அவருக்குத் தாங்கமுடியாத மகிழ்ச்சி. "எங்க நைனா பேரு வரிக்கும் நெனப்பு வச்சிருக்கறாங்க பாரு!" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டே, இரண்டு கை நிறைய மல்லாட்டையை அள்ளி அவள் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்தும் அவள் அதைத் தொடவில்லை. பையைக் கவிழ்த்து முறத்தில் கொட்டிவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள், வழக்கம்போல் நிமிர்ந்து.

"அந்த மனுசன் எத்தினி வருசம் எதிர்ல நின்னிருக்கறாரு. மூஞ்ச நான் பாத்ததே இல்லீங்க. பேரு சொன்ன பிறகுதான் ஆளு வருது."

"உன் தொழில் முறை அது," என்றேன்.

"முறைதான். அதுக்காக ஒரு ஊர்ல ஒரு மூஞ்சி கூடவா தெரியாம போவும்?"

கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கேள்விக்கு விடை இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவதே என் பழக்கம். அன்று அதையும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு கேமரா வேண்டும் என்றாள். பெரியது வேண்டாம், கடைக்குப் போகிற பையில் காய்கறியோடு கிடக்கிற மாதிரி, தினமும் எடுத்துப் போகிற மாதிரிச் சிறியதாக ஒன்று. எதிரே வருகிறவர்களின் முகத்தை, அவர்கள் சம்மதித்தால், எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசி அவளிடம் இருந்தது. அதிலேயே படம் எடுக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். ஆனால் அதற்குள் அவளுடைய வலது கையில் நடுக்கம் தொடங்கியிருந்தது. கண்ணாடித் திரையை ஒரு முறை தொட நினைத்தால் விரல் மூன்று முறை தொட்டுவிடும். ஒரு தடவை செம்பருத்திப் பூவைப் படமெடுக்கப் போய், அவளுடைய பழைய தாசில்தாருக்கு அழைப்பு போய்விட்டது. அவர் மனம் நெகிழ்ந்து அரை மணி நேரம் நலம் விசாரித்தார். "கண்ணாடி மேல தேய்க்கறது எனக்கு ஒத்துவராது," என்றாள். "அழுத்தனா அழுத்தன மாதிரி விரலுக்குத் தெரியணும்."

கேமராக்களைப் பற்றி நான் பல நாள் படித்தேன். வில்லைகளின் தரம், ஒளியுணர் தகட்டின் அளவு, மின்கலம் எத்தனை நேரம் தாங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாயிற்று. நடுங்குகிற கைக்கு எவ்வளவு எடை குறைவோ அவ்வளவு நல்லது என்ற முடிவோடு அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனேன்.

தலைமுறைகளாகக் கடைத்தெருவில் வியாபாரம் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர் ஸ்டுடியோக்காரர். நாங்கள் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"சின்ன கேமராவா? இப்ப இத யாரு சார் கேக்கறாங்க? கல்யாணத்துக்குப் பெரிய கேமரா, மத்ததுக்கெல்லாம் செல்லு. நடுவுல இருக்கறது எல்லாம் இதோ, கண்ணாடிப் பொட்டியில தூங்குது."

தூங்கிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தார். அவள் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, பித்தானை மட்டும் விரலால் தேடினாள். ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இது கொழகொழன்னு இருக்குது. இது ரொம்பக் கெட்டி. இதுல பாதி அழுத்தனா ஒண்ணு, முழுசா அழுத்தனா ஒண்ணுன்னு வருதே, அது இன்னா?"

"பாதி அழுத்தனா மூஞ்ச புடிச்சிக்கும் மேடம். முழுசா அழுத்தனாதான் படம் எடுக்கும்."

"மொதல்ல புடிச்சிக்கிட்டு அப்புறம் எடுக்குதா? நல்லா இருக்குதே!" அவள் கண்ணைத் திறந்தாள். அந்தக் கடையில் அன்று அவளுக்குப் பிடித்த ஒரே செய்தி அதுதான்.

இருந்ததிலேயே லேசான ஒன்றை நான் எடுத்து அவளிடம் கொடுத்தேன். எங்கள் ஓய்வூதியத்துக்குள் அடங்குகிற விலை. அவள் அரைமனதோடு தலையசைத்தாள். படித்தவர் சொல்கிறாரே என்று நினைத்திருக்கலாம்.

அதில் எடுத்த படங்களில் ஒருவருக்கும் ஒரு முகம் இல்லை. இரண்டு மூன்று முகங்கள் இருந்தன. பால்காரர் தண்ணீருக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கிறவர் போல வந்திருந்தார். அவள் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "பாவம், இந்த மூஞ்சியோட போனா வூட்ல சோறு போட மாட்டாங்க இவருக்கு," என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் அன்று மாலை முழுவதும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பவும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் படங்களைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "லேசா இருக்கறது நம்ம கைக்கு ஆவாது மேடம். கை ஆடறதுக்கு முன்னாலயே அது ஆடும். கொஞ்சம் கனம் இருந்தாதான் நின்னு கேக்கும்," என்றார். மேசை இழுப்பறையிலிருந்து தம்முடைய பழைய கேமரா ஒன்றை எடுத்தார். கறுப்பு நிறம் விளிம்புகளில் தேய்ந்திருந்தது. பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சிறு துளை இருந்தது. "நம்ம ஊரு வெயில்ல திரையில ஒண்ணும் தெரியாது. இதுல கண்ண ஒட்டி வச்சிக்கினீங்கன்னா நெத்தியும் சேந்து தாங்கிக்கும்."

லேசானதைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தார். கூடவே மடக்கு கால்கள் கொண்ட சிறு தாங்கி ஒன்றையும் எடுத்து வைத்தார்.

"இது இருந்தா ஆட்டமே இருக்காது மேடம்."

"காய்கறி கடையில இத விரிச்சிக்கினு நிக்கவா? மோளம் அடிச்சிக் கூட்டம் சேக்கலாம் போல," என்றாள் அவள். தாங்கி மறுபடி பெட்டிக்குள் போயிற்று.

புதுச்சேரியில் ஒரு மருத்துவர் அவள் கையைப் பார்த்து, நடுக்குவாதம் என்றார். மாத்திரைகள் கொடுத்தார். காலை மாத்திரைக்குப் பிறகு சிறிது நேரம் கை அடங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் நாங்கள் கடைத்தெருவுக்குப் புறப்படுவோம். அந்தக் கனமான கேமராவில் படங்கள் முன்பைவிட மேலாக வந்தன. ஆனாலும் கலங்கியே வந்தன. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளச் சொன்னேன், செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், செய்தாள். தூணிலோ சுவரிலோ முதுகைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"அது வேணாங்க," என்றாள். அந்தக் குரலுக்குப் பிறகு வற்புறுத்தும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கடைத்தெரு பேருந்து நிலையத்தை நோக்கித் திரும்புகிற முனையில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். கூடையைவிடக் குரல் பெரியது. அவள் கேமராவோடு நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பல காலைகள் பார்த்திருந்தவர், ஒரு நாள் பூக்கட்டும் நாரைப் பல்லில் கடித்தபடியே சத்தம் போட்டார்.

"ஏம்மா, ஊரையே பேயி மாதிரி புடிச்சி வைக்கறீங்களே! பக்கத்துல ஐயா கல்லு கணக்கா நிக்கறாரு. அவரு தோள் மேல வச்சி எடுங்களேன், எங்க ஓடிடப் போறாரு?"

அந்த முனை முழுவதும் சிரித்தது. எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் வீதியில் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்வதில்லை. அவள் எப்போதும் எனக்கு ஓரடி பின்னால்தான் நடந்து வந்தாள். நானும் அந்த ஓரடியை ஒருபோதும் குறைத்ததில்லை. எங்கள் இருவருடைய இயல்புக்கும் அது ஒத்துப்போயிருந்தது. அவள் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். "அந்தப் பொம்பளைக்கு வாய் நீளம்," என்றாள், வீட்டுக் கதவைத் திறக்கும்போது.

மல்லாட்டை அறுவடை முடிந்து விற்பனைக்கூடத்துக்கு மூட்டைகள் வந்துகொண்டிருந்த நாட்களில், கோவிந்தனை மறுபடி பார்த்தோம். அவளுக்கு முதலில் வேண்டியிருந்த முகம் அதுதான். அவர் மூட்டைகளின் முன்னால் நின்று தலைத்துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டிக்கொண்டார். அவள் எடுத்தாள். பார்த்தாள். மறுபடி எடுத்தாள். எல்லாம் ஆடிப்போயிருந்தன.

"இன்னும் வேணா எடும்மா, நான் எங்க போவப் போறேன்?" என்றார் அவர். ஆனால் உள்ளே எடை போடுகிறவர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பித் திரும்பி மீண்டது.

"ஏங்க," என்றாள் அவள். "கொஞ்சம் முன்னால வாங்க. எனக்கு முன்னால. அவரப் பாத்து நில்லுங்க."

நின்றேன்.

"நான் ஆச்சுன்னு சொல்ற வரிக்கும் திரும்பாதீங்க. மூச்சு வுடாதீங்க."

என் இடது தோளில் அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளும் வந்து அமர்ந்தன. கையின் நடுக்கம் என் சட்டை வழியே எலும்புக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கணம் இல்லாமலே போயிற்று. காதருகே பித்தான் பாதி இறங்கும் ஓசை, பிறகு முழுதாக.

"ஆச்சு," என்றாள்.

கோவிந்தனின் நரைத்த தாடைமயிரும், எப்போதோ கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன காதுத்துளையும்கூட அந்தப் படத்தில் தெரிந்தன. கீழே இடது மூலையில் வெள்ளையாக ஏதோ மங்கலாக வந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் அச்சுப் போடும் முன் கேட்டார்: "ஓரத்த வெட்டிடட்டுமா மேடம்? சாரோட சட்டை வந்திருக்குது."

"இருக்கட்டும். அது இல்லன்னா படமே இல்ல."

அதன் பிறகு கடைத்தெருவில் எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. "டைப்பிஸ்ட் அம்மா வராங்க, ஸ்டாண்டும் கூட வருது," என்பார்கள். கல்லூரியில் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் என்னவென்று கடைசிவரை தெரியாமல் போனவன் நான். இந்தப் பெயரை என் முகத்துக்கு எதிரேயே சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் படமெடுக்கும் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் பெயரைக் கேட்பாள். பெயரைச் சொன்னதும் தகப்பன் பெயர், தெரு, எந்த ஊர், என்ன காரியமாக வந்தார் என்று அவளே சொல்லிவிடுவாள். எதிரில் இருப்பவரின் முகம் அப்போது மாறும். அந்த மாற்றம் கலைவதற்குள் எடுப்பாள். நான் ஓரடி முன்னால் நின்று அந்த முகங்களையெல்லாம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, நான் பார்க்க முடியாத அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்பதை எதிரே நின்றவர்களின் முகத்திலிருந்துதான் நான் ஊகிக்க முடிந்தது.

பூக்காரம்மா மட்டும் படமெடுத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. "எனக்கு அப்புறம். நல்ல பொடவ கட்டிக்கினு வரேன், அன்னிக்கு எடுங்க," என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவள் விடாமல் பெயரைக் கேட்டாள்.

"பேரு எதுக்கும்மா? நானும் ஒங்க ஆபீசுக்கு வந்தவதான். எங்க வூட்டுக்காரரு செத்த வருசம், பென்சன் மனுவுக்கு." நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "எதிர்ல நின்னு அழுதுக்கினு இருந்தேன். நீங்க பாட்டுக்கு டக்கு டக்குனு அடிச்சிக்கினு இருந்தீங்க. தலையத் தூக்கவே இல்ல. சரி, இந்தம்மாவுக்குக் காது கேக்காது போலன்னு நெனச்சேன்!"

பக்கத்துப் பழக்கடைக்காரர் சிரித்தார். பூக்காரம்மாவும் சிரித்தார். அதில் பகை ஒன்றுமில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறவர் அவர்.

"பேரு இன்னா?" என்று மறுபடி கேட்டாள் அவள்.

"ராணி."

"வூட்டுக்காரரு பேரு ஏழுமலை. லாரி புரோக்கர் ஆபீசுல சொம இறக்கறவரு. சக்கரகொளத்துக்குப் போற வழியில வூடு," என்றாள் அவள்.

பூக்காரம்மாவின் விரல்கள் நாரில் நின்றுவிட்டன.

அன்றிரவு சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "மத்த மூஞ்சி எல்லாம் எப்படியோ வரட்டும். அந்த மூஞ்சி ஒண்ணு மட்டும் ஆடாம வரணுங்க. என் கையால வரணும்."

அதன்பின் நாட்கள் அவளுக்கு எதிராகவே நகர்ந்தன. காலை மாத்திரை கொடுத்த நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. விரல்கள் தாமதித்தன, அழுத்த நினைத்ததற்கும் அழுத்தியதற்கும் நடுவே எதிரில் நின்றவர்கள் இமைத்துவிட்டார்கள். அவளுடைய முதுகு முன்பக்கமாக வளையத் தொடங்கிற்று. இந்த நோயில் அப்படித்தான் ஆகும் என்றார் மருத்துவர். பின்னால் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளச் சொன்னார். முன்னால் வளைந்தாளே தவிர, பின்னால் சாயவில்லை. நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவே இருந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு காலையும் அந்த முனைக்குப் போனோம். ஒவ்வொரு காலையும் பூக்காரம்மா பழைய புடவையில் இருந்தார்.

ஒரு நாள் அவர் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். புதுமடிப்பு கலையாத புடவை. தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். எங்களைக் கண்டதும் கூடையை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"இன்னிக்கு எடுத்துடுங்கம்மா. எடுத்துட்டுதான் போவணும்."

"ஸ்டாண்டு, போயி நில்லு!" என்று பழக்கடைக்காரர் குரல் கொடுத்தார். அமாவாசையை ஒட்டி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் வீதியை நிறைத்திருந்தது. நான் அவளுக்கு முன்னால் போய், பூக்காரம்மாவைப் பார்த்தபடி நின்றேன். மணிக்கட்டுகள் என் தோளில் அமர்ந்தன. அன்று அவை வெகுநேரம் நடுங்கின.

"மூச்சு வுடாதீங்க," என்றாள்.

பிடித்துக்கொண்டேன். பித்தானின் ஓசை வரவில்லை. முடியாமல் மூச்சை விட்டு மறுபடி பிடித்தேன். ஓசை வரவில்லை. எதிரே பூக்காரம்மா சிரித்தபடி நின்றிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோ எங்களை உரசிக்கொண்டு போயிற்று; அவருடைய சிரிப்பு அசையவில்லை. என் தோளில் இருந்த பாரம் முதலில் குறைந்தது. பிறகு இடம் மாறி, முதுகின் நடுவில் விழுந்தது. கை சோர்ந்து சரிகிறது என்று எண்ணினேன். ஆச்சு என்று சொல்லும்வரை திரும்பக் கூடாது என்பது ஏற்பாடு, ஆகவே திரும்பவில்லை. அது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு பாரம் விலகிற்று.

"போலாங்க," என்றாள் அவள்.

நான் திரும்பியபோது கேமராவைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் விசேஷமாக ஒன்றுமில்லை.

"நல்லா வந்துதாம்மா?" என்று பூக்காரம்மா கேட்டார்.

"நல்லா வந்துது," என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, வழக்கமான ஓரடி பின்னால் வராமல், எனக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். கூட்டத்துக்காக அப்படி வருகிறாள் என்று நினைத்தேன். அதன்பின் அவள் கேமராவை வெளியே எடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, "சாஞ்சிக்கோங்கம்மா," என்றார் செவிலியர். அவளுடைய முதுகு தலையணையைத் தொட்டது. அதை அவள் சாய்ந்ததாக நான் கணக்கில் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினோம். ஈமக்கடன்கள் முடிந்து மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு, கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோவிந்தன், பால்காரர், பழக்கடைக்காரர், நாங்கள் பெயர் கேட்டு நின்ற அத்தனை பேரும் இருந்தார்கள். நன்றாக வந்த ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் என் சட்டைத் தோள் இருந்தது. பூக்காரம்மாவின் படம் இல்லை.

பல மாதங்கள் அந்த முனைப் பக்கம் போகாமல் வேறு தெரு வழியாகவே நடந்தேன். படத்துக்குப் பூ வாங்கும் வேலையை வீட்டு வேலைக்கு வருகிற பெண் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அந்தப் பெண் வரவில்லை. நானே போக நேர்ந்தது.

பூக்காரம்மா என்னைப் பார்த்ததும் முழம் போட்டார். ஸ்டாண்டு என்று யாரும் கூப்பிடவில்லை. பழக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தார். பூக்காரம்மாவிடம் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது என்று எனக்குத் தோன்றிற்று.

"உங்க படம் அதுல இல்லம்மா," என்றேன். "வந்துதுன்னு சொன்னாங்க. ஆனா இல்ல."

"தெரியுமே," என்றார் அவர்.

எப்படி என்று கேட்டேன்.

"நான் எதிர்லதானே ஐயா நின்னிருந்தேன்? அம்மா கேமராவ கண்ணுல வச்சாங்க. வெரலு நவுரல. மறுபடியும் பாத்தாங்க, நவுரல. அப்புறம் எறக்கிட்டாங்க." பூவை வாழையிலையில் வைத்தவர், மடிக்காமல் நிறுத்தினார். "எறக்கிட்டு, ஒங்க முதுவுல நெத்திய வச்சி அப்படியே சாஞ்சிக்கினாங்கய்யா. கண்ண மூடிக்கினு. நடு ரோட்டுல, அத்தினி கூட்டத்துல."

வீதியின் இரைச்சல் சற்றுத் தள்ளிப் போனாற்போல் இருந்தது.

"நீங்க சிரிச்சிக்கிட்டே இருந்தீங்களே," என்றேன்.

"சிரிப்ப மாத்தியிருந்தா இன்னாமோ ஏதோன்னு நீங்க திரும்பியிருப்பீங்க இல்ல? அதான் மாத்தல." இலையை மடித்தார். "அப்புறம் தலையத் தூக்கி என்னப் பாத்தாங்க. கேமரா இல்லாம. நல்லா, நிதானமா பாத்தாங்க. எனக்கு அது போதும். படத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

நாரால் கட்டிய பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு முழம் போடத் தொடங்கினார். நான் அங்கேயே நின்றிருந்தேன். அன்றைக்கு அவள் போகலாம் என்றாளே தவிர, ஆச்சு என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வழி கேட்டு ஒலி எழுப்பினார். ஒதுங்கி வழி விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.